மெஸ்ஸிக்குப் பக்கத்தில் யார்?

“மயாமி ஓனருக்குக் காசா இல்லண்ணா? மெஸ்ஸியையே தூக்கினவங்க, இன்னும் நாலு பேரைத் தூக்க வேண்டியதுதானே?”

கேட்டவர் வியாசர்பாடித் தம்பி. விடிகாலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து அமெரிக்க மேட்ச் பார்க்கிற ஆள். ராத்திரி ஏதாவது டிரான்ஸ்பர் செய்தி கண்ணில் பட்டுவிட்டால் காலையில் அதோடுதான் டீக்கடைக்கு வருவார்.

கேள்வியில் தப்பே இல்லை. ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் சிட்டி என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஐரோப்பாவில் ஒரு புது ஆளை எடுத்தால் விவாதம் பெரும்பாலும் இரண்டு கேள்வியில் அடங்கிவிடும்: ஆள் தேறுவானா, விலை தகுமா. அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில், அதாவது எம்.எல்.எஸ்.ஸில், இந்த இரண்டுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. இவனை எந்த இடத்தில் உட்கார வைக்கப்போகிறீர்கள்? அதற்குப் பதில் தெரியாமல் ‘செம சைனிங்’, ‘மொக்கை சைனிங்’ என்று பேசுவதெல்லாம் வாய்க்கு வேலை, அவ்வளவுதான். ஒரு டீயில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் இரண்டாவதையும் சொல்லிவிட்டே ஆரம்பித்தேன்.

இந்தச் சட்டதிட்டமெல்லாம் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டதால் வந்தவை. 1968இல் தொடங்கிய வட அமெரிக்க சாக்கர் லீக்கில் நியூயார்க் காஸ்மாஸ் அணி 1975இல் பெலேயைக் கொண்டுவந்தது. 1977இல் பெக்கன்பவர் வந்தார். ஸ்டேடியம் நிரம்பியது. காஸ்மாஸைப் பார்த்து மற்ற அணிகளும் வருமானத்துக்கு மீறிச் செலவழிக்க ஆரம்பித்தன. 1984 சீசனோடு லீக்கே படுத்துவிட்டது. பிறகு 1994 உலகக்கோப்பையை நடத்தும் வாய்ப்பு அமெரிக்காவுக்குக் கிடைத்தபோது, தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்குவோம் என்று ஃபிஃபாவுக்கு வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்குதான் 1996இல் பத்து அணிகளோடு எம்.எல்.எஸ். ஆனது. இந்த முறை எவனும் தலைகால் தெரியாமல் ஆடக் கூடாது என்று அடித்தளத்திலேயே கட்டுப்போட்டார்கள். மொத்த லீக்கும் ஒரே கம்பெனி. கிளப் ஓனர்கள் அதில் பங்குதாரர்கள். ஆட்டக்காரர் கையெழுத்துப் போடுவது லீக்கோடு, கிளப்போடு இல்லை. இது எங்கள் சம்பளத்தை அமுக்கிவைக்கும் ஏற்பாடு என்று 1997இல் ஆட்டக்காரர்கள் வழக்கே போட்டார்கள். 2002இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

“அப்போ மெஸ்ஸி மயாமி ஆள் இல்லையா?”

ஆடுவது மயாமிக்கு. ஒப்பந்தம் லீக்கோடு.

அடுத்தது பட்ஜெட். 2025 சீசனுக்கு ஒரு அணியின் சம்பளப் பட்ஜெட் 59.5 லட்சம் டாலர். மூத்த பட்டியலில் உள்ள 20 பேர் அதற்குள் அடங்க வேண்டும். ஒருவர் பெயருக்கு நேராக அதிகபட்சம் எழுதக்கூடிய தொகை 7,43,750 டாலர். மெஸ்ஸியின் சம்பளமோ ஆட்டக்காரர் சங்கம் வெளியிட்ட 2025 பட்டியல்படி ஆண்டுக்கு 2 கோடியே 4 லட்சம் டாலருக்கு மேல். மொத்த அணியின் பட்ஜெட்டைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். பிறகு எப்படி அவர் அங்கே ஆடுகிறார்?

இங்கேதான் 2007 வருகிறது. டேவிட் பெக்கமை ரியல் மாட்ரிட்டிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸிக்குக் கொண்டுவர லீக் ஒரு கதவைத் திறந்தது. ‘டெசிக்னேட்டட் பிளேயர்’, சுருக்கமாக டி.பி. இந்த இடத்தில் உட்காருகிறவருக்கு எத்தனை கோடி வேண்டுமானாலும் கொடுக்கலாம். பட்ஜெட்டில் அந்த உச்சத் தொகை மட்டும்தான் கழியும்; மீதி ஓனரின் சொந்தப் பை. ஐ.பி.எல். ஏலத்தோடு வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். அங்கே விராட் கோலிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அணியின் பர்ஸில் குறைந்தாக வேண்டும். இங்கே 2025இல் மெஸ்ஸிக்குக் கொடுத்த 2 கோடி டாலரில் பர்ஸில் குறைந்தது 7,43,750 மட்டுமே. முதலில் அணிக்கு ஒரு டி.பி.; 2010இல் அது மூன்று வரை என்று ஆனது. அதற்கு மேல் இடமில்லை. பெக்கம் கெட்டிக்காரர். வரும்போதே, பிற்காலத்தில் 2.5 கோடி டாலருக்கு ஒரு புது அணியை வாங்கிக்கொள்ளும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். 2020இல் களமிறங்கிய இன்டர் மயாமி அப்படிப் பிறந்ததுதான்.

ஆக, தம்பியின் கேள்விக்கு நேரடி விடை: காசு கோடிக்கணக்கில் கிடக்கிறது, நாற்காலி மூன்றுதான்.

இதில் ஒரு குசும்பும் உண்டு. மூன்று பெரிய பெயர் வேண்டாம், இரண்டு போதும் என்று சொல்லும் அணிக்கு, 22 வயதுக்குட்பட்டவர்களுக்கென ஒதுக்கிய இடங்களில் ஒன்று கூடுதலாகவும், அதோடு 20 லட்சம் டாலர் வரை ‘அலோகேஷன் மணி’யும் கிடைக்கும். ஒரு நட்சத்திரத்தை விட்டுக்கொடுத்து மிச்ச அணியைப் பலப்படுத்திக்கொள்வதா, கூடாதா? எம்.எல்.எஸ். ரசிகர்கள் மணிக்கணக்கில் அடித்துக்கொள்ளும் விஷயம் இது.

“அலோகேஷன் மணின்னா?”

கேன்டீன் டோக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லீக் ஆண்டுதோறும் எல்லா அணிக்கும் கொடுக்கிறது. உள்ளே காசுக்குச் சமம், அதில் ஒரு வகையை அணிகளுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். முக்கியமான உபயோகம், ஒரு ஆட்டக்காரரின் பட்ஜெட் கணக்கை இறக்குவது. 1999இலிருந்து லீக்கின் தலைமை நிர்வாகியாக இருக்கும் டான் கார்பரின் பெயரால் ரசிகர்கள் இதைக் கிண்டலாக ‘கார்பர் பக்ஸ்’ என்பார்கள். இதில் பொதுவானது ஒன்று, ஜி.ஏ.எம். குறிப்பிட்ட சம்பள வட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டுமானது இன்னொன்று, டி.ஏ.எம். இரண்டாவது வந்தது 2015இல். டி.பி. அளவுக்குப் பெரிய ஆள் இல்லை, சாதாரணச் சம்பளத்துக்கும் வரமாட்டான் என்கிற நடுத்தரத் தரத்தை இழுக்க வந்த வழி அது. என்னைக் கேட்டால், லீக்கின் ஆட்டத் தரத்தை உயர்த்தியதில் பெக்கம் விதியைவிட இதற்குத்தான் பங்கு அதிகம். ஆனால் போஸ்டரில் போட முகம் இல்லாததால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். ஒரு நடுக்கள ஆட்டக்காரர் இருக்கிறார். பெயர் வேண்டாம், கற்பனைதான். சம்பளம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். அவரை விற்கும் கிளப் கேட்கும் விலை 30 லட்சம். ஒப்பந்தம் மூன்று ஆண்டு. எம்.எல்.எஸ்.ஸில் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து அதையும் சேர்ப்பார்கள். 30 லட்சத்தை மூன்றால் வகுத்தால் 10 லட்சம். சம்பளம் 10. ஆக மொத்தம் 20 லட்சம். டி.ஏ.எம். கொண்டு இறக்கக்கூடிய எல்லை 2025இல் 17,43,750 டாலர். எல்லை தாண்டியாகிவிட்டது. இந்த மனிதரை எடுத்தால் மெஸ்ஸி உட்காரும் வகை நாற்காலியில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

“நாலு வருஷமா எழுதிட்டா?”

தம்பி கணக்கில் புலி. 30 லட்சத்தை நான்கால் வகுத்தால் ஏழரை. கூட்டினால் 17,50,000. எல்லையைவிட 6,250 டாலர் அதிகம். சிரித்துவிட்டார். ஆனால் அங்கே அணி நிர்வாகிகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது இந்த மாதிரி தொகைகளுக்காகத்தான். அதே ஆளை 20 லட்சத்துக்குப் பேசி முடித்தால்? மூன்று ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 6.67 லட்சம். சம்பளத்தோடு 16.67 லட்சம். எல்லைக்குள் வந்துவிட்டார். டி.ஏ.எம். போட்டு இறக்கிவிடலாம். பேரத்தில் குறைத்தது 10 லட்சம் டாலர். அதில் ஒரு டி.பி. இடமே மிச்சம். ‘இந்த ஆளுக்கு 30 லட்சம் கொடுக்கலாமா’ என்று நாம் இங்கே பேசும்போது அங்கே நடக்கும் விவாதம் வேறு என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

இப்போது நிஜ ஆள். 2025 ஜூலையில் அர்ஜென்டினாவின் ரோட்ரிகோ டி பால், அத்லெட்டிகோ மாட்ரிட்டிலிருந்து மயாமிக்கு வந்தார். உலகக்கோப்பை வென்ற அணியில் மெஸ்ஸியின் நிழல்போல ஓடிய ஆள். அப்போது மயாமியின் மூன்று இடத்திலும் ஆள்: மெஸ்ஸி, பஸ்கெட்ஸ், ஜோர்டி ஆல்பா. என்ன செய்தார்கள்? முதலில் விலைக்கு வாங்காமல் கடனாக எடுத்தார்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு. கடன் என்பதால் விலை கணக்கில் ஏறவில்லை. சம்பளமும் அரை சீசனுக்குத்தான். எல்லைக்குள் நுழைந்துவிட்டார். லூயிஸ் சுவாரஸும் 2024 சீசனுக்கு வந்தபோது டி.பி.யாக வரவில்லை; அந்த ஆண்டு லீக்கில் 20 கோல் அடித்தார். மெஸ்ஸியோடு ஆட வேண்டும் என்று குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிக்கிற நண்பர்கள் இருப்பது மற்ற அணிகளுக்குக் கிடைக்காத வசதி. இதை மற்ற ஊர் ரசிகர்கள் வயிற்றெரிச்சலோடு பேசுவதில் ஆச்சரியமில்லை.

வயிற்றெரிச்சலுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 2020இல் பிரான்ஸின் பிளேஸ் மட்டூய்டியை யுவெண்டஸிலிருந்து மயாமி கொண்டுவந்தது. 2018 உலகக்கோப்பை வென்றவர். அவரை டி.ஏ.எம். ஆள் என்று கணக்குக் காட்டினார்கள். உலகக்கோப்பை வென்றவனுக்கு இவ்வளவு குறைந்த சம்பளமா என்று அன்றைக்கே மற்ற அணிகள் புருவம் உயர்த்தின. லீக் விசாரித்தது. 2021இல் தீர்ப்பு: மட்டூய்டியும் இன்னொருவரும் உண்மையில் டி.பி. கணக்கில் வந்திருக்க வேண்டும். வேறு மூவரின் தொகையையும் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். கிளப்புக்கு 20 லட்சம் டாலர் அபராதம், ஓனர்களில் ஒருவரான ஹோர்கே மாஸுக்குத் தனியாக 2.5 லட்சம். அதைவிட வலித்தது, 2022, 2023 சீசன்களில் அலோகேஷன் மணியிலிருந்து 22,71,250 டாலர் வெட்டப்பட்டது. அபராதத்தை ஓனர் கட்டிவிடுவார். டோக்கன் வெட்டு அணியையே இளைக்க வைக்கும்.

சில விதிகளைக் கேட்டால் யாரோ விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று தோன்றும். ‘டிஸ்கவரி லிஸ்ட்’ அப்படி ஒன்று. லீக்குக்கு வெளியே இருக்கிற ஆட்டக்காரர்களில் சிலர் பெயரை ஒவ்வொரு அணியும் எழுதிவைத்துக்கொள்ளலாம். ‘நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்’ என்ற உரிமை. வேறு அணி அவரை எடுக்க நினைத்தால் எழுதிவைத்தவனுக்கு ஏதாவது கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பயர்ன் மியூனிக்கில் பதிமூன்று முறை ஜெர்மன் சாம்பியனான தாமஸ் முல்லரை 2025இல் வான்கூவர் எடுத்தபோது, அவரைக் ‘கண்டுபிடித்த’ உரிமை சின்சினாட்டி கையில் இருந்தது. வான்கூவர் அலோகேஷன் மணி கொடுத்து வாங்கியது. உலகமே அறிந்த ஆளைக் கண்டுபிடித்த பெருமை சின்சினாட்டிக்கு. தம்பிக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், இனி கடைக்கு யார் புதிதாக வந்தாலும் தன் லிஸ்ட்டில்தான் என்றார்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கும் இடக்கணக்கு உண்டு. அந்த இடங்களையும் அணிகள் விற்று வாங்கும். ஒரு பிரேசில்காரருக்கு அமெரிக்க கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் உள்ளூர்க்காரராகிவிடுவார், ஒரு இடம் காலியாகும். அதனால் புது ஆள் வந்ததும் விவரம் தெரிந்த ரசிகர் முதலில் கேட்பது கோல் கணக்கை அல்ல, கிரீன் கார்டை.

சரி, இத்தனை விதியும் ஆட்டத்தில் எப்படித் தெரிகிறது? அதற்கு டொராண்டோ போக வேண்டும். ஒரே கிளப், இரண்டு இத்தாலியர்கள். இருவரும் 163 சென்டிமீட்டர் உயரம். இருவரும் வந்தபோது லீக்கையே வாய் பிளக்க வைத்த சம்பளம். இந்த இரண்டு சைனிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எம்.எல்.எஸ். விவாதங்களில் பாதி விளங்கிவிடும்.

செபாஸ்தியன் ஜொவிங்கோ 2015 தொடக்கத்தில் யுவெண்டஸிலிருந்து வந்தார். வயது 28. ஆண்டுக்கு ஏறத்தாழ 71 லட்சம் டாலர். உச்ச வயதில் இருக்கும் ஐரோப்பியன் எதற்கு அங்கே போகிறான் என்று இத்தாலியில் சிரித்தார்கள். அவர் முதல் சீசனிலேயே 22 கோல் அடித்து, 16 கோலுக்குப் பந்து கொடுத்து, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அந்த அக்டோபரில் ஒரு சம்பவம். 13ஆம் தேதி ரோமில் இத்தாலிக்காக நார்வேயோடு ஆட்டம். முடிந்ததும் விமானம் ஏறி, மறுநாள் டொராண்டோவில் நியூயார்க் ரெட் புல்ஸுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். பந்தை வாங்கி, தடுக்க வந்தவர்களைத் தனியாளாகக் கடந்து அடித்த கோல் ஆட்டத்தை வென்று கொடுத்தது. 2007இல் லீக்கில் சேர்ந்த டொராண்டோ முதன்முறையாகப் பிளே-ஆஃப் போனது அந்த ராத்திரியில்தான்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த ஆண்டு பிளே-ஆஃபில் முதல் ஆட்டத்திலேயே மான்ட்ரியலிடம் மூன்று கோல் வாங்கி வெளியேறினார்கள். ஜொவிங்கோ இருந்தார், பிராட்லி இருந்தார், ஆல்டிடோர் இருந்தார், மூன்று டி.பி.யும் களத்தில். பின்னால் நிற்க ஆள் இல்லை. அப்போது டொராண்டோவின் ஜெனரல் மேனேஜர் டிம் பெஸ்பச்சென்கோ. படித்தது சட்டம், அதற்கு முன் லீக் அலுவலகத்தில் ஆட்டக்காரர் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அதாவது விதிப் புத்தகத்தின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர். அடுத்த சீசனுக்கு டிஃபென்ஸைக் கட்ட, லீக்கில் பல ஆண்டு தேய்ந்த ட்ரூ மூரை எடுத்தார். 2017க்கு ஸ்பெயினின் விக்டர் வாஸ்கெஸை விலை இல்லாமல், டி.பி. நாற்காலியைத் தொடாமல் கொண்டுவந்தார். அந்த வாஸ்கெஸ்தான் அந்த சீசனில் ஜொவிங்கோவுக்கும் ஆல்டிடோருக்கும் பந்து ஊட்டியவர். 2017இல் டொராண்டோ லீக் அட்டவணையில் முதலிடம், கனடா சாம்பியன்ஷிப், எம்.எல்.எஸ். கோப்பை மூன்றையும் வென்றது. சியாட்டிலுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் முதல் கோல் ஆல்டிடோர். இரண்டாவது அந்த வாஸ்கெஸ்.

ஐந்து ஆண்டு கழித்து லோரென்சோ இன்சினியே. நாப்போலியின் கேப்டன், யூரோ 2020 வென்ற இத்தாலி அணியில் பத்தாம் எண். 2022 ஜூலையில் வந்தபோது வயது 31. சம்பளம் லீக்கிலேயே உச்சம். 2024 பட்டியலில் அது ஆண்டுக்கு 1.5 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. சில நாளில் யுவெண்டஸிலிருந்து ஃபெடெரிகோ பெர்னார்டெஸ்கியும் வந்தார், ஆண்டுக்கு 60 லட்சத்துக்கு மேல். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் டொராண்டோ யாரை அனுப்பியது தெரியுமா? அலெஹாண்ட்ரோ பொசுவேலோவை. 2020இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். சொற்ப அலோகேஷன் மணிக்கு மயாமிக்குப் போனார், ஒரு டி.பி. இடம் காலியானது. ஜூலை 23 அன்று இன்சினியேயும் பெர்னார்டெஸ்கியும் சேர்ந்து இறங்கிய முதல் ஆட்டத்தில் சார்லட்டை 4-0 என்று அடித்தார்கள். ஊரே கொண்டாடியது. 2023இல் அதே அணி 34 ஆட்டத்தில் நான்கே வெற்றி, 22 புள்ளி, 29 அணிகளில் கடைசி. சீசன் நடுவில் பயிற்சியாளர் பாப் பிராட்லி வேலையை இழந்தார். 2025 ஜூலை முதல் தேதி இரண்டு இத்தாலியர்களின் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டார்கள்.

“இன்சினியே டப்பாண்ணா,” என்றார் தம்பி.

எனக்கு அதில் சம்மதமில்லை. காயம் அவரைத் துரத்தியது உண்மை. வந்ததே கெண்டைக்கால் வலியோடு. ஐரோப்பிய ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடியும், எம்.எல்.எஸ். சீசன் பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஆக, கோடையில் வருகிறவன் தன் சீசன் முடிந்த களைப்போடு, அடுத்தவன் சீசன் உச்சத்தில் இருக்கும்போது நுழைகிறான். 2027 நடுவிலிருந்து லீக் தன் காலண்டரை ஐரோப்பாவோடு ஒத்துப்போகும்படி மாற்றுவதற்கு இந்தத் தலைவலியும் ஒரு காரணம். தூரம் வேறு. லிவர்பூலின் ஸ்டீவன் ஜெரார்ட் 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தபோது, பயணமும் செயற்கைப் புல்லும் உயரமான ஊர்களும் இவ்வளவு கஷ்டப்படுத்தும் என்று எதிர்பார்க்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இதெல்லாம் சேர்ந்தும் இன்சினியேயை விளக்கிவிடாது. அவருக்குப் பின்னால் ஒரு ட்ரூ மூர் இல்லை, பக்கத்தில் ஒரு வாஸ்கெஸ் இல்லை. கோடிகள் கொட்டிய இரண்டு விங்கர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே பள்ளத்தாக்கு. ஐரோப்பாவில் பணக்கார கிளப் அந்தப் பள்ளத்தை இன்னும் காசு போட்டு நிரப்பிவிடும். இங்கே நிரப்ப விடமாட்டார்கள். கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழ் டிவிஷனுக்குத் தள்ளுவதில்லை என்பதால் தவறு வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும்.

வேறு மாதிரி யோசித்த கிளப்பும் உண்டு. அட்லான்டா 2017இல் லீக்குக்கு வந்தபோது அர்ஜென்டினாவின் லனுஸ் கிளப்பிலிருந்து மிகேல் அல்மிரோனை எடுத்தது. பராகுவேக்காரர், வயது 22, சுமார் 80 லட்சம் டாலர் என்று பேச்சு. பெயர் கேட்டு யாரும் டிக்கெட் வாங்கவில்லை. 2018இல் கோப்பை. 2019 ஜனவரியில் நியூகாசில் அவரைச் சுமார் 2.7 கோடி டாலருக்கு வாங்கியது. கிழட்டுச் சிங்கங்களின் ஓய்வு விடுதி என்று ஐரோப்பியர்கள் கேலி செய்த லீக்குக்கு அது புதுப் பாடம். டி.பி. நாற்காலியில் விதையை நடுவதா, பழுத்த மரத்தைப் பிடுங்கி வைப்பதா என்ற சண்டை அங்கிருந்து சூடு பிடித்தது.

சண்டை தீரவில்லை என்பதற்கு 2025 ஆகஸ்ட் சாட்சி. லாஸ் ஏஞ்சல்ஸ் எஃப்.சி. டாட்டன்ஹாமின் சன் ஹியுங்-மின்னை வாங்கியது. வயது 33. செய்திகளில் அடிபட்ட விலை 2.6 கோடி டாலருக்கு மேல், அன்றைக்கு லீக்கின் சாதனை. கொரிய வம்சாவளியினர் பெருந்திரளாக வாழும் ஊர் என்பதால் டிக்கெட்டும் ஜெர்சியும் பறந்தன. அதே மாதம் வான்கூவருக்கு முல்லர், பயர்னுக்கு விலையே கொடுக்காமல், டி.பி. இடத்தையும் அந்த ஆண்டுக்குத் தொடாமல் வந்தார். நவம்பரில் இந்த இரண்டு அணியும் பிளே-ஆஃபில் மோதின. சன் இரண்டு கோல் அடித்தார்; இரண்டாவது, ஆட்டம் முடியும் நேரத்தில் அடித்த ஃப்ரீ கிக். 2-2. பெனால்டியில் அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. வான்கூவர் ஜெயித்தது. இதை வைத்து முல்லர் நல்ல சைனிங், சன் மோசமான சைனிங் என்று ஒருவர் வாதாடினால் நான் எழுந்து போய்விடுவேன். ஒரு கம்பம் ஒரு ஒப்பந்தத்தைத் தீர்மானிக்காது.

டிசம்பர் 6 இறுதி ஆட்டத்தில் மெஸ்ஸியின் மயாமி, முல்லரின் வான்கூவரை 3-1 என்று வென்றது. முதல் கோல் வான்கூவர்காரர் காலில் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போனது. மற்ற இரண்டையும் அடித்தது யார்? ஒன்று டி பால். இன்னொன்று தடெயோ அல்லெண்டே, ஸ்பெயினின் செல்டா விகோவிலிருந்து கடனுக்கு வந்த ஆள். அந்தப் பிளே-ஆஃபில் மட்டும் ஒன்பது கோல், லீக் சாதனை. இரண்டுக்கும் பந்து கொடுத்தவர் மெஸ்ஸி. அதாவது, கோடி வாங்குகிறவர் கொடுத்தார். கணக்கின் இடுக்கில் நுழைத்தவர்கள் அடித்தார்கள்.

பஸ்கெட்ஸும் ஆல்பாவும் அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார்கள். இரண்டு நாற்காலி காலி. ஒன்று டி பாலுக்கு என்பது அவர் வந்த நாளிலேயே ஊகிக்க முடிந்த கணக்கு. மற்றதுக்கு யார் என்பதில்தான் எங்களுக்குள் மூண்டுவிட்டது.

“ஸ்டிரைக்கர்ணா. சுவாரஸுக்கு வயசாயிடுச்சு. வேற பேச்சே இல்ல.”

நான் டிஃபென்டர் என்றேன். டீக்கடைக்காரர் உட்பட நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“டி.பி. இடத்துல யாராவது டிஃபென்டரைப் போடுவானாண்ணா? காசு தண்டம்!”

“அப்போ இத்தனை நாள் அங்க உட்கார்ந்திருந்த ஆல்பா யாருப்பா?”